நொட்டையாரும் பறக்கும் யாளியும்

நொட்டையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எந்தப் பெற்றவர்கள் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பார்கள்? அது அவர் தன் வாயாலேயே சம்பாதித்தது. ஆபீசில் ஆரம்பித்து, தெருவுக்கு வந்து, கடைசியில் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. காபியைக் கொடுத்தால் டம்ளரில் நொட்டை சொல்வார். டம்ளரை மாற்றினால் தட்டில் சொல்வார். தட்டையும் மாற்றிக் கொண்டுபோனால் காபி ஆறிப்போச்சு என்பார். மனுஷர் வேண்டுமென்று செய்வதில்லை. கண் அப்படிப் பழகிவிட்டது.

உத்தியோகம் அப்படி. அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போவார். லிஃப்டின் தலைமேல் ஏறி உட்காருவார். கம்பிக் கயிற்றைத் தடவி, பிரேக்கைச் சோதித்து, கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, என்னென்ன கோளாறு என்று எழுதிக் கொடுப்பார். ஒழுங்காக ஓடுகிற லிஃப்டைப் பாராட்டி எழுத அவருடைய பாரத்தில் இடமே கிடையாது. 'குறைகள்' என்று ஒரு பெரிய கட்டம் இருக்கும். அது காலியாக இருந்தால் லிஃப்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலும் இதே கணக்குதான். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால் சமையல் பிரமாதம். அவருக்குத் தெரியும். சமைத்தவளுக்குத் தெரிய வேண்டாமா? அதுதான் இல்லை.

மகள் பிறந்தபோது நர்ஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். நொட்டையார் என்ன செய்தார் தெரியுமா? கைவிரல், கால்விரல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மெல்லத் தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கிடையாது. "என்னடி இது, சட்டை வாங்க வந்தவர் தையலைப் பாக்கற மாதிரி பாக்கறாரு" என்று நர்ஸ் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். இப்போது அந்த மகள் காலேஜுக்குப் போகிறாள். அந்தக் கதையை அம்மா சொல்லக் கேட்டுக் கேட்டும் அவளுக்கு அலுக்கவே இல்லை.

அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். வீங்கிய கன்னங்களை வரிசையாக உட்காரவைத்து, பெயர் கூப்பிட்டு உள்ளே அனுப்புவது வேலை. ஒரு கன்னத்துக்கும் அடுத்த கன்னத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே இருப்பாள். ஆஸ்பத்திரி சமாச்சாரமாக்கும் என்று நொட்டையார் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் இரண்டு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"நாவல்."

"யார் எழுதினது?"

"ஏங்க, நான்தான்."

நொட்டையார் மேல் கட்டை எடுத்து எடை பார்க்கிறவர் மாதிரி தூக்கிப் பார்த்தார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "காதல், மாயம், சண்டை, சிரிப்பு எல்லாம் இருக்கு. பெரிய தத்துவம் எல்லாம் கிடையாது. பல்வலிக்காரங்க படிச்சா வலி மறக்கணும், அவ்வளவுதான் நெனச்சேன். எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு பதிப்பகத்து அம்மா கடைவாய்ப் பல்லுக்கு வந்துட்டிருக்காங்க. குடுங்க, பாக்கறேன்னாங்க. நீங்க முதல்ல படிச்சு நிறை என்ன, குறை என்னன்னு சொல்லுங்க. நீங்க சரின்னா குடுக்கறேன். இல்லைன்னா விட்டுடறேன்."

பார்த்தீர்களா கூத்தை! ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு வார்த்தை 'அடடா' என்று சொல்ல! அவள் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரி ஆயாவிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு வேண்டியது இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை. இருபது வருஷமாகக் காத்திருக்கிறவளுக்கு இன்னும் ஆசை விடவில்லை.

கதை இதுதான். ஒரு ராஜ்யத்தின் மழையை ஒரு மந்திரவாதி திருடி ஜாடியில் அடைத்துவிடுகிறான். அதை மீட்க இளவரசி பறக்கும் யாளியின் மேல் ஏறிப் புறப்படுகிறாள். வழியில் ஒரு சுருள்முடித் திருடன் சேர்ந்துகொள்கிறான். புல்லாங்குழல் வாசிப்பான், கவிதை சொல்வான், பார்த்த மாத்திரத்தில் இளவரசி மேல் காதல். கூடவே அரண்மனைச் சேணக்காரன் ஒருவன் வருகிறான். யாளியின் முதுகில் சேணம் கட்டுவதும் அவிழ்ப்பதும் அவன் வேலை. புறப்படும் முன் பட்டையை இழுத்துப் பார்ப்பான். இறங்கினதும் இழுத்துப் பார்ப்பான். யாராவது காதல் வசனம் பேச வாயைத் திறந்தால் அப்போதும் வந்து இழுத்துப் பார்ப்பான்.

நொட்டையார் சிவப்புப் பென்சிலும் கையுமாக முதல் கட்டைப் படித்து முடித்தார். தீர்ப்பு ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் வந்தது. மகளும் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல அந்த யாளி. அது எத்தனை பேரைத் தூக்கும்னு எங்கயுமே சொல்லலை. மூணு ஆளு, ஒரு ஜாடி நிறைய மழை. தண்ணி என்ன கனம் கனக்கும்னு தெரியுமா உனக்கு? ரெண்டாவது, மந்திரவாதி கோபுரத்துக்கு ஒரே ஒரு படிக்கட்டு. தீப்பிடிச்சா எப்படி இறங்குவான்?"

"அவன் மந்திரவாதிப்பா" என்றாள் மகள்.

"இருக்கட்டும். அவனைப் பாத்தா பயமே வரலை. தும்மிட்டே இருக்கான். வில்லன்னா கொஞ்சமாவது பயமுறுத்த வேண்டாமா? அப்புறம் பக்கத்துக்குப் பக்கம் யாருக்காவது நெஞ்சு படபடங்குது. ஒரு நல்ல டாக்டரைப் பாக்கச் சொல்லு. வழி தெரியலைன்னா உடனே ஒரு கிளி வந்து வழி சொல்லுது. பசிச்சா மரத்துல பழம் தொங்குது. எல்லாம் ரொம்ப சௌகரியமா நடக்குது. அந்தச் சுருள்முடிக்கு ஒரு குறை கூடக் கிடையாது. எனக்கு அவன் மேல சந்தேகமா இருக்கு."

நியாயமாகப் பார்த்தால் மனுஷர் சொன்னதில் பாதி சரிதான். வீட்டம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சரி, நிறை?" என்றாள் கடைசியில்.

நொட்டையார் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "தாள் நல்ல தாள். பக்க எண் எல்லாம் வரிசையா இருக்கு."

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். நாக்கு சும்மா இருந்ததா? "பெரிய குறை ஒண்ணு விட்டுட்டேனே. அந்தச் சேணக்காரன். கதை ஓட ஆரம்பிக்கிறப்பல்லாம் குறுக்க வந்து நிக்கறான். சிரிக்க மாட்டான், பேச மாட்டான், பட்டையை மட்டும் இழுப்பான். யாருக்கும் பிரயோஜனமில்லாத ஜன்மம். அவனைத் தூக்கிடு."

மகளுக்குப் புரையேறிவிட்டது. வீட்டம்மா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"தூக்கிடவா?"

"தூக்கிடு. ஒருத்தனும் தேட மாட்டான்."

"அப்பா, முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டாள் மகள், இருமலுக்கு நடுவே.

"கயிறு தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்க எல்லா மாடிக்கும் போகணுமா? முதல் கட்டே போதும்."

வீட்டம்மா கையைக் கழுவிவிட்டு முதல் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டாவது கட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று அவர் போட்டுவைத்த சாமான் பையிலேயே தங்கிவிட்டது. அவளும் கேட்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதுதான் பயமாக இருந்தது. காபி வந்தது, சோறு வந்தது, "போதுமா?" என்ற கேள்வி மட்டும் வரவில்லை. சாயங்காலமெல்லாம் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். "அம்மா என்ன பண்றா?" என்று மகளிடம் ரகசியமாக விசாரித்தார். "நீங்க சொன்னபடி மாத்தறாங்க" என்றாள் அவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நொட்டையாருக்கு உள்ளூரப் பெருமை. நம் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதே என்று மீசையைத் தடவிக்கொண்டார். என்ன சொல்வது இந்த ஆளை!

அப்புறம் ஒரு நாள் காலை, செருப்பை மாட்டிக்கொண்டே வீட்டம்மா சொன்னாள்: "இன்னிக்கு மத்தியானம் பதிப்பகத்து அம்மா வராங்க. குடுத்துடப் போறேன்."

"அந்தச் சேணக்காரன் விஷயம்?"

"நீங்க சொல்லி நான் எதைச் செய்யாம இருந்திருக்கேன்?" என்றுவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அன்று நொட்டையாருக்கு ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் சோதனை. லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கயிற்றையெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. கம்பெனி மெக்கானிக் ஏதோ சாமான் எடுத்துவரப் போனவர் வரவில்லை. பையைத் துழாவியபோது இரண்டாவது கட்டு கையில் பட்டது. யாளியின் இடது பட்டை அறுந்துபோகும் என்று அவர் முதல் கட்டின் ஓரத்தில் சிவப்பால் எழுதியிருந்தார். அறுந்ததா இல்லையா, அதை மட்டும் பார்த்துவிடலாம் என்றுதான் பிரித்தார். தான் சொன்னது பலித்ததா என்று பார்க்கிற ஆசை, வேறொன்றுமில்லை.

பட்டை அறுகிற இடம் வரவில்லை. அதற்குள் மந்திரவாதி தும்மிய தும்மலில் அவனுடைய மந்திரமே அவன் மேல் திரும்பி, அவன் ஒரு நாற்காலியாகிவிட்டான். அந்த நாற்காலியில் தெரியாமல் இளவரசி உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி கூச்சத்தில் நெளிகிறது. நொட்டையாருக்கு முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வயிறு குலுங்கியது. கைவிளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

கீழே ஜனங்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"சார், லிஃப்ட் என்ன ஆச்சு?" என்று கட்டட மேனேஜர் லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டிக் கத்தினார்.

"சோதனை நடக்குது!"

ஒரு நிமிஷம் கழித்து மேலேயிருந்து சிரிப்புச் சத்தம். லிஃப்ட் குழிக்குள் சிரித்தால் கட்டடமே சிரிப்பது மாதிரி கேட்கும்.

"சோதனையில என்ன சார் சிரிப்பு? ஜனங்க மாடி ஏறிச் சாகறாங்க!"

"கொஞ்சம் பொறுங்க! இன்னும் கோபுரத்தைவிட்டு வெளிய வரலை!"

"யாரு சார் வரலை? உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

நொட்டையார் காதில் அது ஏறவே இல்லை. சேணக்காரன் வந்துவிட்டான். வந்தது மட்டுமா, பக்கம் பக்கமாக வருகிறான். படுக்கப்போகும் முன் லாயத்துக் கதவை எல்லாம் பூட்டிவிட்டு, மறுபடி போய் இழுத்துப் பார்க்கிறான். படுத்தவன் எழுந்து வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறான். கொடுத்த சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறான். யோசனை வந்தால் காதில் செருகியிருக்கும் குச்சியை எடுத்து அதே காதைச் சொறிகிறான். 'இப்படியும் ஒரு ஆளா! இவனோட எவ குடித்தனம் பண்ணுவா?' என்று சிரித்தார் நொட்டையார். சிரித்துக்கொண்டே காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துச் சொறிந்தார்.

சொறிந்த கை அப்படியே நின்றது.

சிரிப்பும் நின்றது. அவசர அவசரமாகப் புரட்டினார். கடைசி அத்தியாயம். மழை திரும்பிவிட்டது. சுருள்முடித் திருடன் உப்பரிகையில் நின்று, தூறலில் நனைந்தபடி, இளவரசிக்கு ஒரு முழுக் கவிதை சொல்கிறான். நல்ல கவிதை. அதைக் கேட்டு முடித்த இளவரசி, "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு, நேரே இறங்கி லாயத்துக்குப் போகிறாள். அங்கே சேணக்காரன் குனிந்து ஏதோ தைத்துக்கொண்டிருக்கிறான். 'அவர் எனக்காகக் கவிதை சொன்னார். நீ ஒன்றும் சொல்லவில்லையா?' என்று கேட்கிறாள். அவன் நிமிராமலே சொல்கிறான்: 'இடது பட்டை தேய்ந்திருந்தது. மாற்றிவிட்டேன்.' இளவரசி வைக்கோல் மேல் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். நாவல் அங்கே முடிகிறது.

நொட்டையார் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கி எழுத்தெல்லாம் நீந்தியது. ஊரிலேயே அழகான ஒருத்தனை உப்பரிகையில் நிற்கவைத்துவிட்டு, அவள் இவனைத் தேடி வந்திருக்கிறாள். நாலு பேர் படிக்கிற புத்தகத்தில், வெட்கமில்லாமல், இவனைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று எழுதிவைத்திருக்கிறாள். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது அவருக்கு.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. தூக்கிடு என்றாரே! பிரயோஜனமில்லாத ஜன்மம் என்றாரே! சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, ஒருத்தனும் தேட மாட்டான் என்றாரே! அவளும் சரியென்று தூக்கிவிட்டாள். இன்று மத்தியானம் பதிப்பகத்து அம்மாள் கைக்குப் போகப்போவது அவன் இல்லாத நாவல். புத்தகத்தில் அவள் சுருள்முடியோடு போய்விடுவாள். அது அச்சாகி ஊரெல்லாம் நிற்கும்.

"ஐயையோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேனேஜர் இரண்டு அடி பின்னால் போனார்.

அவ்வளவு பதற்றத்திலும் சுவிட்சைப் பழையபடி திருப்பி, லிஃப்டை ஓடவிட்டு, கதவைச் சாத்தி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார் என்றால் அந்த மனுஷரை எதில் சேர்ப்பது? மேனேஜர் "சார், கையெழுத்து!" என்று பின்னாலேயே வந்தார். நொட்டையார் நிற்கவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓடியறியாதவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார். பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்து லிஃப்டில் சோதனைச் சீட்டு காலாவதியாகித் தொங்கியது. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே பாய் போட்டு உட்கார்ந்து ரகளை செய்திருப்பார். இன்று கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கன்னங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளறையிலிருந்து பதிப்பகத்து அம்மாள் வாயில் பஞ்சோடு அப்போதுதான் வெளியே வந்து, மரத்துப்போன உதட்டைத் தடவிக்கொண்டு, மேசைமேல் இருந்த கட்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

"குடுக்காதே!" என்றார் நொட்டையார்.

"ஏங்க, இது ஆஸ்பத்திரி. மெதுவா பேசுங்க" என்று வீட்டம்மா எழுந்து நின்றாள். "என்ன ஆச்சு? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"அவனைத் தூக்கிட்டியா?"

"யாரை?"

"அவனைத்தான். சேணக்காரனை."

"நீங்கதானே தூக்கச் சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன்! உனக்குப் புத்தி எங்க போச்சு? திரும்ப வை அவனை!"

கன்னங்கள் எல்லாம் வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தன. பதிப்பகத்து அம்மாள் நீட்டின கையை மடக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், மேலே நடக்கட்டும் என்கிற மாதிரி. வீட்டம்மா மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"எதுக்கு வைக்கணும்? யாருக்கும் பிரயோஜனமில்லாதவன்னீங்க. குறை எல்லாம் கேட்டாச்சு. அவனோட நிறை என்ன? சொல்லுங்க, வைக்கறேன்."

நொட்டையார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நேரத்துக்கு வந்துடுவான்" என்றார்.

ஒரு வீங்கிய கன்னம் சிரித்து, சிரித்ததால் வலித்து, "ஸ்ஸ்" என்றது.

"அப்புறம்?"

"அவன்... பொய் சொல்ல மாட்டான். அப்புறம்..." நொட்டையார் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அவ விழுந்துடக் கூடாதுன்னு அவனுக்குப் பயம். எந்நேரமும் அதே பயம். அவ சிரிக்கறப்பவும், பேசறப்பவும், அவன் மனசுல அந்தப் பயம்தான் ஓடிட்டிருக்கு. ஏன்னா அவ இல்லைன்னா அவனுக்கு ஒண்ணுமே இல்லை. அதை எப்படிச் சொல்றதுன்னு அவனுக்குத் தெரியாது. அதனால பட்டையை இழுத்துப் பாக்கறான். வேற ஒண்ணும் இல்லைம்மா. அவ்வளவுதான் விஷயம்."

உள்ளே பல் துளைக்கிற மெஷின்கூட நின்றுவிட்டது. வீட்டம்மா கட்டின் மேல் கையை வைத்தாள்.

"எடுத்துப் பாத்தேன்" என்றாள். "கோபத்துல ஒரு பக்கம் விடாம அவனை அழிச்சேன். யாளி தரையை விட்டே கிளம்பலை. இளவரசி எங்க கால் வைச்சாலும், அங்க முன்னாடியே அவன் கால் வைச்சுப் பாத்திருக்கான். அவனை எடுத்தா அவளும் விழுந்துடறா. என்ன பண்றது? திரும்ப எல்லாத்தையும் வைச்சுட்டேன்."

"அப்ப, இருக்கானா?"

"இருக்கான். கோபுரத்துக்கு ரெண்டாவது படிக்கட்டும் போட்டுட்டேன். கிளியை எடுத்துட்டேன்."

நொட்டையாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கன்னங்களில் ஒன்று நகர்ந்து இடம் விட, உட்காரப் போனார்.

"இன்னும் ஒண்ணு பண்ணினேன்" என்றாள் வீட்டம்மா. "கடைசிப் பக்கத்துல, அவன் வாயைத் திறந்து அவகிட்ட மனசுல இருக்கறதைச் சொல்ற மாதிரி எழுதினேன். நல்லாத்தான் வந்துது. அப்புறம் அடிச்சுட்டேன்."

"ஏன்?"

"யாரும் நம்ப மாட்டாங்க."

உட்காரப் போனவர் உட்காரவில்லை. வீட்டம்மா கட்டைத் தன் பக்கம் இழுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து வைத்து, ஆஸ்பத்திரிப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"இப்ப ஏதோ சொன்னீங்களே" என்றாள். "அதை இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா சொல்லணும், நான் எழுதிக்கணும்."

நொட்டையார் வரிசையாக உட்கார்ந்திருந்த கன்னங்களைப் பார்த்தார். பதிப்பகத்து அம்மாளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.